மடையை நான்தான் வெட்டினேன்

எங்கள் வயலில் எண்ணெயை விட்டது நீங்கள். நான் அல்ல. என் கீழ்வயல்காரி அல்ல. மழையும் அல்ல. குழாய் உங்களுடையது, எண்ணெய் உங்களுடையது, அலட்சியமும் உங்களுடையது. இதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நான் பத்தாவது வரை படித்தவள். அது போதும்.

உங்கள் எண்ணெய் கம்பெனி கொடுத்த அறிக்கையில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. "நில உரிமையாளர் தாமாகவே வரப்பை வெட்டி நீரை வெளியேற்றியதால் பாதிப்பு அடுத்த வயல்களுக்குப் பரவியது." அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். அதில் பொய் இல்லை. வரப்பை வெட்டினேன். ஆனால் அந்த வரிக்கு முன்னாலும் பின்னாலும் நடந்ததை நீங்கள் எழுதவில்லை. அதை நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குடவாசலுக்குத் தெற்கே இருக்கிறது. நான் இன்று பட்டா வைத்திருக்கும் வயலில் என் அம்மா கூலிக்கு நாற்று நட்டவள். அப்பா அதே வரப்பின் ஓரத்தைச் செதுக்கி அண்டை வெட்டியவர். நிலம் அப்போது மிராசுதார் வீட்டுடையது. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு தேசமாகப் போனபின் நிலத்தை விற்றார்கள். என் வீட்டுக்காரர் கொத்தனார். அவர் சாரத்தில் ஏறியும் நான் சேற்றில் இறங்கியும் அந்த வயலை வாங்கினோம். பட்டா என் பேரில் வந்த அன்று அம்மா வரப்பில் உட்கார்ந்து காலை வயலுக்குள் தொங்கப்போட்டுக்கொண்டாள். அதற்கு முன் அந்த வரப்பில் அவள் உட்கார்ந்ததே இல்லை, அவள் குனிந்து நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போதே வயலின் வடகிழக்கு மூலையில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் ஒன்று நின்றது. "அடியில எண்ணெ குழா போவுது. அந்த எடத்துல மட்டும் ஆழமா உழாதீங்க, கம்பெனிக்காரன் சண்டைக்கு வருவான்" என்று விற்றவர் சொன்னார். அவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. குழாய் எத்தனை வருடத்துப் பழையது, யார் அதைப் பார்க்கிறார்கள், எதுவும் தெரியாது. டிராக்டர் அந்த மூலைக்கு வந்ததும் கலப்பையைத் தூக்கிக்கொள்ளும். மாட்டுப் பொங்கலன்று என் வீட்டுக்காரர் மாட்டுக்குப் பொட்டு வைத்த கையோடு அந்தக் கல்லுக்கும் ஒரு பொட்டு வைப்பார். "இதுவும் நம்ம வயல்ல நிக்கிற சாமிதான். கோவிச்சுக்கிட்டா தாங்காது" என்பார். நாங்கள் சிரிப்போம்.

மேற்கே கூப்பிடு தூரத்தில் உங்கள் இரும்புக் கம்பம் நிற்கிறது. அதன் உச்சியில் நெருப்பு. எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவைச் சும்மா எரித்துத் தள்ளுகிறீர்களாம். வெயிலிலும் எரியும், அடைமழையிலும் எரியும். அதற்குப் பக்கத்து வயல்களில் பயிருக்கு இருட்டு என்பதே கிடையாது.

எனக்குக் கீழ்வயல் ஓர் அக்காவுடையது. கூடப்பிறந்த அக்கா இல்லை. மாதா கோயில் தெருவில் இருக்கிறாள். புருஷன் இல்லை, இரண்டு மகன்கள் வெளியூரில். அவளும் என் அம்மாவோடு ஒரே நடவுக் கோஷ்டியில் நின்றவள்தான். பிறகு அவளும் சிறுகச் சிறுக நிலம் வாங்கினாள். கிறிஸ்துமஸ் என்றால் அவள் வீட்டிலிருந்து ஒரு தூக்கில் முறுக்கும் அதிரசமும் எங்களுக்கு வரும். பொங்கலன்று அதே தூக்கில் பொங்கல் வைத்துத் திருப்பி அனுப்புவேன். வெறும் தூக்காக அது எந்தப் பக்கமும் போனதில்லை.

இப்போது மடை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் தண்ணீர் வயலுக்கு வயல் பாயும். வாய்க்காலிலிருந்து முதல் வயலுக்கு, அதிலிருந்து அடுத்ததுக்கு, இப்படியே கீழே போகும். மேல்வயல்காரர் வரப்பில் மடை வெட்டித் தண்ணீரை இறக்குவதற்கு முன் கீழ்வயல்காரருக்குக் குரல் கொடுக்க வேண்டும். "விடட்டா?" என்று கேட்க வேண்டும். "விடு" என்று பதில் வந்தபிறகுதான் மண்வெட்டி வரப்பில் விழ வேண்டும். கேட்காமல் வெட்டினால் அடிதடி வரும். கேட்டு, "விடு" என்று பதில் வந்துவிட்டால் அந்தத் தண்ணீரால் என்ன வந்தாலும் இரண்டு பேருக்கும் பொறுப்பு. பிறகு ஒருவர் மேல் ஒருவர் குறை சொல்லக் கூடாது. இது எந்த ஆபீசிலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் இதை மீறியவனுக்குப் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள்.

அது மார்கழி பிறந்த சமயம். பயிர் தொண்டைக்கதிராக நின்றது. கதிர் தண்டுக்குள் ஏறிவிட்டது, வெளியே தலைகாட்ட இன்னும் சில நாள். விவசாயி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கும் நேரம் அது. காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு போனேன். பனி அப்படி மூடியிருந்தது, நாலு முழத்துக்கு அப்பால் வயல் தெரியவில்லை. வரப்பில் கால் வைத்ததும் வாடை அடித்தது. குனிந்து பார்த்தால் தண்ணீரின் மேல் பளபளவென்று ஓர் ஏடு மிதக்கிறது.

டீசல் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பார்கள். முந்தின வாரம் மழை கொட்டி மேல்வயல்களில் எஞ்சின் வைத்துத் தண்ணீரை இறைத்திருந்தார்கள். எஞ்சின் ஒழுகும், டிராக்டர் ஒழுகும், வயலில் கொஞ்சம் டீசல் மிதக்கும். அதற்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். நிற்கிற தண்ணீரை உடனே வடித்துவிட்டு வாய்க்காலிலிருந்து புதுத் தண்ணீர் வைப்பது. காலகாலமாகச் செய்கிறோம், பயிர் பிழைத்துக்கொள்ளும்.

அக்கா தன் வயலில்தான் இருந்தாள். ஆள் தெரியவில்லை, இருமல் கேட்டது. குரல் கொடுத்தேன்.

"அக்கோவ்! என் வயல்ல ஏதோ டீசல் மெதக்குது. வடிய விடட்டா?"

"எவன் எஞ்சினு ஒழுகித் தொலைச்சுதோ! விடு, விடு. எனக்குத் தண்ணி கம்மியாத்தான் நிக்கிது."

"அப்பறம் எம்மேல பழி போடக் கூடாது."

"அடிப் போடி! ரெண்டு சொட்டு டீசலுக்கு இவ பழி பாவமெல்லாம் பேசுறா. வெட்டுடி!"

வெட்டினேன். தண்ணீர் மளமளவென்று இறங்கியது. நான் வரப்பில் நின்று பல் துலக்கினேன். அதைக்கூட மறைக்காமல் எழுதுகிறேன்.

வெயில் வந்து பனி விலகியபோது மஞ்சள் கல் மூலையைப் பார்த்தேன். அடுப்பில் புளிக்குழம்பு கொதிப்பதுபோல் அங்கே கறுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மூலையிலிருந்து கறுப்பு நாக்கு ஒன்று பயிருக்குள் நீண்டு நேராக நான் வெட்டிய மடைக்கு வந்து, அதன் வழியாக அக்கா வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

கத்தினேன். அக்கா ஓடிவந்தாள். இரண்டு பேரும் மண்ணை வெட்டிப் போட்டோம், நிற்கவில்லை. வைக்கோல் பிரியைத் திணித்தோம். கடைசியில் நான் தலையில் கட்டியிருந்த துண்டையும் அவள் தோளில் போட்டிருந்த பழைய சட்டையையும் உருட்டி அடைத்து அதன்மேல் சேற்றை அப்பினோம். முழங்கை வரை கறுப்பு. சோப்புப் போட்டும் போகவில்லை, புளி போட்டும் போகவில்லை. கடைசியில் மண்ணெண்ணெய் ஊற்றித்தான் கழுவினோம். உங்கள் எண்ணெயைக் கழுவவும் உங்கள் எண்ணெய்தான் வேண்டியிருந்தது.

மஞ்சள் கல்லில் அவசர உதவி என்று ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. ஏழே காலுக்கு அதற்கு அடித்தேன். ஒரு பெண் குரல் இந்தியில் பேசியது. பிறகு இங்கிலீஷில் பேசியது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. எல்லாவற்றையும் அழுத்தினேன். கடைசியில் ஒருவர் எடுத்து, "எந்த கிராமம்மா?" என்று நாலு தடவை கேட்டார். நீங்கள் வால்வை மூடும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். என் மடை திறந்திருந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. உங்கள் வால்வு திறந்திருந்தது அரை நாள். உங்கள் அறிக்கையில் என் மடை இருக்கிறது. உங்கள் வால்வைக் காணோம்.

முதலில் வந்தவர் ஒரு சின்ன வயது அதிகாரி. தலையில் ஹெல்மெட், காலில் பூட்ஸ். மரியாதையாகத்தான் பேசினார். வயலில் மட்டும் இறங்கவில்லை.

"மடைய யாரும்மா தெறந்தது?"

"நான்தான் சார். ஏதோ மெதக்குதேன்னு பார்த்த ஒடனே வெட்டிட்டேன். அப்பறம் உங்க எண்ணென்னு தெரிஞ்சதும் நாங்களே அடைச்சிட்டோம்."

"குட், குட்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். என் சுறுசுறுப்பைப் பாராட்டி எழுதுகிறார் என்று நினைத்தேன். அவ்வளவு முட்டாளாக இருந்தேன். அறிக்கையில் வந்த வரி அன்றைக்கு என் வாயிலிருந்தே எடுக்கப்பட்டது.

பிறகு ஆட்கள் வந்தார்கள். மூலையைத் தோண்டி, குழாய் துருப்பிடித்து இற்றுப்போன இடத்தில் ஒட்டுப் போட்டார்கள். லாரி வைத்து எண்ணெயை உறிஞ்சினார்கள். மேல்மண்ணை வழித்து மூட்டை கட்டினார்கள். ஒரு பொடியைத் தூவி, எண்ணெயைத் தின்கிற பாக்டீரியா என்றார்கள். "எண்ணெயத் தின்னுட்டு அது எங்கங்க போவும்?" என்று அக்கா கேட்டாள். பொடி தூவியவர் அடுத்த மூட்டையைப் பிரித்தார். தொண்டைக்கதிராக நின்ற பயிர் தொண்டையிலேயே நின்றுபோனது. அக்கா வயல் பள்ளம், எண்ணெய் அங்கேதான் போய்த் தங்கியது. எனக்குப் பாதி போனது. அவளுக்கு முழுவதும் போனது.

சில நாள் கழித்துத் தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டார்கள். உங்கள் ஆட்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், நடுவில் தாசில்தார். அங்கேதான் அந்த வரியை வாசித்தார்கள். "சார், கொரல் குடுத்துட்டுத்தான் வெட்டினேன். அக்கா விடச் சொன்னாங்க" என்றேன்.

தாசில்தார் அக்காவைப் பார்த்தார். "நீங்க சம்மதம் குடுத்தீங்களாம்மா?"

அக்கா மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தாள். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றாள்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கத்தவில்லை. என்னை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கியது, தூக்கு வரவில்லை. பொங்கலுக்கு நானும் எதையும் அனுப்பவில்லை. ஊரில் பேச்சு ஒன்றுக்கு ஒன்பதாகப் பெருகியது. மேல்வயல்காரி தன் வயலைக் காப்பாற்றிக்கொள்ள எண்ணெயைக் கீழே தள்ளிவிட்டாள் என்றார்கள். தண்ணீர் பிடிக்கத் தெருக் குழாயடிக்குப் போனால், "வழி விடுங்கடி, மடை தெறந்த மகராசி வர்றா" என்று ஒருத்தி சொன்னாள். நான் குடத்தை வைத்துவிட்டு, "ஆமாடி, ஒன் வீட்டுப் பக்கமும் ஒண்ணு வெட்டட்டா?" என்றேன். சிரித்துவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஊரே என்னைப் பேசியது, அக்காவைப் பேசியது. மடையைப் பேசியது. குழாயை யாரும் பேசவில்லை. குழாய் பழையபடி ஓடத் தொடங்கிவிட்டது. புதுப் பெயிண்ட் அடித்த மஞ்சள் கல் ஒன்றும் வந்துவிட்டது.

தையில் உங்கள் ஆட்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். மரக்கன்று கொடுத்தார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்லி உறுதிமொழி வாங்கினார்கள். என் மகள் ஏழாவது படிக்கிறாள். உங்கள் முத்திரை போட்ட சான்றிதழோடு வந்தாள். அதில் எழுதியிருந்தது: மின்விசிறியை வீணாக ஓட விட மாட்டேன், பிளாஸ்டிக் பை வாங்க மாட்டேன், பூமி சூடாகாமல் காப்பேன். வந்த வேகத்தில் ஃபேனை அணைத்துவிட்டாள். வேலை முடிந்து வந்து படுத்திருந்த அவள் அப்பா எழுந்துவிட்டார்.

"எவ அணைச்சது?"

"பூமி சூடாவுதுப்பா."

"பூமி அப்பறம் பாத்துக்கலாம். எனக்கு இப்ப வேர்க்குது. போடு!"

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வாசலுக்கு வந்தேன். மேற்கே உங்கள் கம்பம் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க எந்தப் பிள்ளையிடம் உறுதிமொழி வாங்கினீர்கள்? எரித்தால் பூமி சூடாகும் என்பது உங்களுக்குத் தெரியாது என்று இனி சொல்ல முடியாது. ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு உங்கள் ஆள்தான் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அதற்கு அடுத்த மாதம் விவசாயத் துறையில் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைத்தால் அதிலிருந்து வாயு கிளம்பி உலகத்தைச் சூடாக்குகிறதாம். அதனால் வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் வைக்க வேண்டுமாம். நல்ல விஷயம்தான், தண்ணீரும் மிச்சம். நான் செய்யவும் செய்கிறேன். ஆனால் அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், எங்களுக்குக் குடுக்குற மாதிரி அந்தக் கம்பத்துக்கு ஏதாச்சும் பயிற்சி குடுத்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த அதிகாரியும் சிரித்தார். "அம்மா, நான் விவசாயத் துறைம்மா. என்னய ஏன் மாட்டி விடுறீங்க?" என்றார். நல்ல மனிதர். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை.

பருவம் கெட்டுப்போனதை எங்களுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் தண்ணீர் வருமா வராதா என்று ஆடிவரை வானத்தைப் பார்க்கிறோம். ஐப்பசி முழுக்கப் பெய்ய வேண்டிய மழை நாலே நாளில் கொட்டி நட்ட பயிரை முழுக்கிவிட்டுப் போகிறது. அறுக்கும் நேரத்தில் தையில் மழை வருகிறது. வயலிலேயே நெல் முளைத்துவிடுகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். பூம்புகார்ப் பக்கம் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் வீட்டு அடிபம்பில் இப்போது உப்புத் தண்ணீர் வருகிறது. அவள் இங்கே வந்தால் முதலில் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாள். இவ்வளவுக்கும் நான் ஃபேனை அணைக்காததுதான் காரணமா?

மாதம் ஒருமுறை கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க் கூட்டம் நடக்கும். பங்குனியில் போனேன். குடவாசலில் பஸ் ஏறினால், பின்னாலேயே அக்கா ஏறுகிறாள். கையில் ஒரு ஒயர் கூடை. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

"யாரும்மா மண்ணெண்ணெ எடுத்துட்டு வந்தது? பஸ்ல ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா?"

"மண்ணெண்ணெ இல்லப்பா" என்றாள் அக்கா. "என் வயலு."

கூடையில் ஒரு பாலிதீன் கவரில் அவள் வயல் மண் இருந்தது. கண்டக்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிட்டேன், அவளுக்குக் காற்று வரட்டும் என்று.

கூட்டத்தில் மைக் என் கைக்கு வர வெகுநேரம் ஆனது. உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். குழாயை எப்போது சோதித்தீர்கள், வால்வை ஏன் மத்தியானம்வரை மூடவில்லை என்று கேட்டேன். அவர் எழுந்து, கசிவு மிகவும் சிறியது, பரவியதற்குக் காரணம் வரப்பை வெட்டியதுதான், அறிக்கையில் தெளிவாக இருக்கிறது என்றார். அதோடு விட்டிருக்கலாம். சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"நீங்களும் கேஸ்லதானம்மா சமைக்கிறீங்க? இங்க பஸ்லதான வந்தீங்க? எங்க எண்ணெய் வேணும், எங்க குழாய் மட்டும் வேணாமா?"

"நீங்க சோறுதான சார் திங்கிறீங்க? அதுக்காக நான் வந்து உங்க வீட்டுக் கூடத்துல சேத்தக் கொட்டி நாத்து விட்டனா?"

கூட்டம் கைதட்டியது. கலெக்டர் தலையைக் குனிந்துகொண்டார், சிரித்தாரா என்று தெரியவில்லை. கேஸ் அடுப்பை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. வேறு வழி எதையும் எனக்கு வைக்காமல், வைத்த ஒரே வழியில் நான் நடந்ததைக் குற்றம் என்கிறீர்கள். நாளைக்கே அரசாங்கம் வெயிலில் எரிகிற அடுப்பைக் கொடுக்கட்டும், காற்றில் ஓடுகிற பஸ்ஸை விடட்டும். நான் வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன்?

அப்போதுதான் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து நின்றிருந்தாள். மைக் அவளிடம் இல்லை. அது தேவையும் படவில்லை, வயலில் குரல் கொடுத்துப் பழகியவள்.

"இவ என்னய கேட்டுட்டுத்தான் வெட்டினா. நான்தான் விடச் சொன்னேன். தாலுகா ஆபீஸ்ல நான் பொய் சொன்னேன். சம்மதிச்சேன்னு சொன்னா எனக்கு நிவாரணம் கெடைக்காதுன்னு கம்பெனி ஆளுங்க முன்னாடி நாளே வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாங்க. பயந்துட்டேன். எம்மேலயும் தப்பு உண்டு. எழுதிக்குங்க."

உங்கள் அதிகாரி கலெக்டர் பக்கம் திரும்பினார். "பாருங்க சார், ரெண்டு பேரும் அவங்களே ஒத்துக்கிறாங்க" என்றார்.

எனக்கு அந்த நிமிஷத்தில்தான் எல்லாம் விளங்கியது. மூன்று மாதமாக நானும் அக்காவும் ஒரே பழியை முறைத் தண்ணீர் மாதிரி மாற்றி மாற்றிப் பாய்ச்சிக்கொண்டிருந்தோம். நீங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஆமா சார், ஒத்துக்கிட்டோம். நான் வெட்டினேன், இவங்க விடச் சொன்னாங்க. எங்க பங்கு அவ்வளவுதான். எங்க பங்க நாங்க மைக்குல சொல்லிட்டோம். உங்க பங்க எப்ப சொல்லுவீங்க? ஒரு மடை வெட்டுறதுக்கு நாங்க கொரல் குடுக்குறோம். எங்க வயலுக்கு அடியில குழாயப் பொதைச்சப்ப நீங்க யாருக்குக் கொரல் குடுத்தீங்க? அது இத்துப் போனப்ப குடுத்தீங்களா? இத்தன வருஷமா அங்க எரிச்சுக்கிட்டு இருக்கீங்களே, 'எரிக்கட்டா'ன்னு யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கலெக்டர், எழுத்துமூலம் பதில் கொடுக்கச் சொல்வதாகச் சொன்னார். மைக் அடுத்தவருக்குப் போனது. அவருக்கு யூரியா கிடைக்கவில்லை, அவர் பாடு அவருக்கு.

வெளியே வந்து டீ குடித்தோம். அக்கா கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மண்ணக் காட்டணும்னு எடுத்துட்டு வந்தேன்டி. எந்திரிச்ச படபடப்புல மறந்தே போயிட்டேன்."

"அந்தாளு மோந்து பாத்திருப்பாரா என்ன?"

"பாக்க வெச்சிருப்பேன்" என்றாள். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "உன்னய ஊரே பேசினப்ப நான் வீட்டுக்குள்ளயே கெடந்தேன்" என்றாள். அதற்கு மேல் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத்தான் கோபம் வந்திருக்கும். பயமுறுத்த ஆள் அனுப்பினார்கள், தனியாக இருக்கிற பொம்பளை பயந்தாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் ஃபேனைத்தான் பார்த்திருப்பேன். அடுத்த நாள் அவள் வீட்டிலிருந்து தூக்கு வந்தது. உள்ளே முட்டைக் குழம்பு. எந்தப் பண்டிகையும் இல்லை.

உங்கள் எழுத்துமூலப் பதில் சித்திரை முடியும்போது தபாலில் வந்தது. அதே வரி. கூடவே ஒரு துணுக்கைச் சேர்த்திருக்கிறீர்கள்: "கீழ்வயல் உரிமையாளரின் சம்மதத்துடன்." அக்கா உண்மையைச் சொன்னதற்கு நீங்கள் கொடுத்த பரிசு அது. இப்போது உங்கள் காகிதத்தில் இரண்டு பெண்கள் குற்றவாளிகள். குழாய்க்கு ஒன்றும் தெரியாது.

காகிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "இன்னொருக்கா எழுதிக் கேப்பமா?" என்றேன். "எழுதி எழுதித்தான் அவன் தப்பிக்கிறான். நேர்ல வரச் சொல்லு" என்றாள்.

அதனால் இதை எழுதுகிறேன். இனித் தபால் வேண்டாம். டெல்டாவில் புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது என்று சட்டம் வந்தபோது பட்டாசு வெடித்தோம். பழைய கிணறும் பழைய குழாயும் அப்படியே இருக்கும் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் வயல் மூலையில் போன குழாய் ஊர் ஊராகப் போகிறது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு மஞ்சள் கல் நிற்கிறது, அதற்குக் கீழே ஒருத்தி நாற்று நட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் மடையை வெட்டினாளா, ஃபேனை அணைத்தாளா என்று கேட்பதை நிறுத்துங்கள். இது ஒரு வயலுக்கு நிவாரணம் கொடுத்து மூடுகிற விஷயம் இல்லை. குழாயை எடுக்க வேண்டும், கம்பத்தை அணைக்க வேண்டும், எத்தனை நாளில் என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு அனுமதி கொடுத்த அரசாங்கமும் உங்கள் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு வாருங்கள். சின்ன அதிகாரியை அனுப்பாதீர்கள், அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் வரட்டும். பள்ளிக்கூட மைதானத்தில்தான் கூட்டம், பிள்ளைகளிடம் உறுதிமொழி வாங்கிய அதே இடம். முன்னால் அக்கா உட்கார்ந்திருப்பாள், மடியில் அந்தக் கூடை இருக்கும். நானும் இருப்பேன், மறுபடியும் முதலில் நானே எழுந்து, மடையை வெட்டியது நான்தான் என்று சொல்கிறேன். பிறகு மைக்கை உங்கள் கையில் கொடுப்பேன். அந்தக் குழாய் இற்றுப்போனது உங்களுக்கு எப்போது தெரியும்? தெரிந்தும் ஏன் குரல் கொடுக்கவில்லை? ஊர் கேட்க, சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.